பாலின் பகையைக் கண்ட பாவை

காலையில் பால் பொங்கும் வரை நம் அன்னையர் அடுப்பருகே காத்து நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். அந்தக் காத்திருப்பின் அருமையை உலகுக்கு உணர்த்தியவருள் ஒருவர் ஆலிஸ் இவான்ஸ் அம்மையார்.

இவர் 1881ஆம் ஆண்டு அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் நீத் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரியில் சேரப் பணமின்றி நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். பின்னர் கார்னெல், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் நுண்ணுயிரியல் பயின்று, அரசு வேளாண்மைத் துறையில் பால் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

மால்டாத் தீவில் ஆட்டுப்பாலால் மனிதருக்கு வந்த காய்ச்சலும், பசுக்களைத் தாக்கிய கன்று வீச்சு நோயும் வெவ்வேறு என்றே அறிஞர் எண்ணியிருந்த காலம் அது. இரண்டின் கிருமிகளும் நெருங்கிய உறவுடையவை, எனவே காய்ச்சாத பசும்பாலும் ஆபத்தாகலாம் என்று அம்மையார் 1917இல் அறிவித்தார். இவரோ பெண், டாக்டர் பட்டமும் இல்லாதவர். ஆகவே பலர் நம்ப மறுத்தனர்.

1922இல் ஆய்வுக்கூடத்திலேயே அந்நோய் அவரைப் பற்றியது. உடலில் புகும் கிருமிகளை விழுங்கிச் செரிப்பது வெள்ளணுக்களில் ஒருவகையான விழுங்கு செல்களின் வேலை என்பதை நாம் அறிவோம். புருசெல்லாக் கிருமியோ வஞ்சகம் மிக்கது. விழுங்கப்பட்ட பின்னும், தன்னை அழிக்க வரும் செரிமானப் பைகள் தன்னோடு சேராதபடி தடுத்துவிடுகிறது. காவலனின் வீட்டிலேயே ஒளிந்து பெருகும் திருடனைப் போல அந்தச் செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அங்கே அதை எட்டுவதில்லை. அதனால்தான் காய்ச்சல் தணிந்தும் மீண்டும் எழுந்தும் ஆண்டுக்கணக்கில் வாட்டுகிறது. ஒளிந்திருந்த நோயை அறியாத மருத்துவர்கள் அதை வெறும் நரம்புத் தளர்ச்சி என்றனர். நோயின் துன்பத்தைவிட, நம்பப்படாத துன்பம் பெரிதல்லவா!

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் ஆய்வுக்கூடம் சென்றார். பிற நாட்டு அறிஞரும் சோதித்து அவர் கூற்றை மெய்யென்றனர். 1928இல் அமெரிக்க நுண்ணுயிரியலார் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1930களில் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் பாஸ்டர் முறை அமெரிக்காவில் பரவலாயிற்று. 1975இல், தமது 94ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே! உண்மையும் சில வேளை ஒளிந்திருக்கும். அதைக் கண்டவர் ஒருவரே ஆயினும், அவர் சிறுமியே ஆயினும், பொறுமையோடு நிலைத்து நிற்பாராயின் ஒருநாள் உலகம் செவி சாய்க்கும். நாளைக் காலை பால் பொங்கும்போது அம்மையாரை ஒரு கணம் நினைப்போமாக!