பட்டாவா, குத்தகையா?

நிலச்சுவான்தார் வீட்டில் பிறந்து நிலச்சுவான்தார்களுக்கே சிம்மசொப்பனமானவர், அயர்லாந்தின் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். 1846ல் அவண்டேல் மாளிகையில் பிறந்தார். நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அவரோ புராட்டஸ்டண்ட். கேம்பிரிட்ஜில் படித்தும் பட்டம் பெறாமலே திரும்பியவர், மேடையேறினால் நா குழறியவர். ஆனாலும் 1875ல் மீத் தொகுதி மக்கள் அவரை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

ஏன் லண்டனுக்கு? டப்ளினில் இருந்த பாராளுமன்றத்தை 1800ம் ஆண்டுச் சட்டத்தால் மூடிவிட்டார்களே!

அயர்லாந்துக் கட்சிக்கு அப்போது தலைவர் ஐசக் பட் என்ற வக்கீல். அவர் கேட்டது கூட்டாட்சி. அயர்லாந்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஒவ்வொன்றுக்கும் உள்நாட்டுக் காரியங்களைக் கவனிக்கத் தனித்தனிச் சபை. பொதுக் காரியங்களுக்கு எல்லோரும் கூடும் ஒரு சபை. திட்டம் நல்லதுதான். கேட்ட விதம்தான் மனுப் போடும் விதம்!

பார்னல் மனுப் போடவில்லை. சபை விதிகளையே ஆயுதமாக்கினார். 1881ல் அடக்குமுறை மசோதாவை எதிர்த்து அவர் கட்சியார் பேசிய பேச்சில் சபை 41 மணி நேரம் இடைவிடாமல் நடந்தது.

சபைக்கு வெளியே போராட்டம் இன்னும் கடுமை. பதினோரு வயதில் பஞ்சாலை இயந்திரத்துக்கு வலக்கையைப் பறிகொடுத்தவர் மைக்கேல் டாவிட். அவர் முயற்சியில் 1879ல் எழுந்த நிலச் சங்கத்துக்குப் பார்னல் தலைவரானார். குடியானவன் வெளியேற்றப்பட்ட நிலத்தை வேறு எவன் குத்தகைக்கு எடுத்தாலும் அவனோடு பேசாதீர்கள், கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்றார். மேயோ மாவட்டத்தில் பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டு இந்த ஒதுக்கலுக்கு ஆளானான். அறுவடைக்கு வடக்கேயிருந்து ஆட்களைத் தருவித்து, பட்டாளக் காவலும் போட்டார்கள். அவன் பெயரே பகிஷ்காரத்துக்கு ஆங்கிலச் சொல்லாயிற்று! அந்த 1881லேயே சர்க்கார் பார்னலைச் சிறையில் தள்ளியது. மறு ஆண்டு வெளியே வந்தார், முன்னிலும் பெரிய தலைவராக.

1885 தேர்தலில் அவர் கட்சிக்கு 86 இடங்கள். பிரதமர் கிளாட்ஸ்டன் 1886ல் ஹோம் ரூல் மசோதா கொண்டுவந்தார். (1916ல் சென்னையில் அன்னி பெசண்ட் தொடங்கிய இயக்கத்துக்கு அந்தப் பெயர் இங்கிருந்துதான் வந்தது.)

தோழர்களே, மசோதாவைச் சற்று உற்றுப் பாருங்கள். டப்ளினில் சபை உண்டு. ஆனால் சுங்கவரி லண்டன் வசம். சாம்ராஜ்யச் செலவில் பதினைந்தில் ஒரு பங்கை அயர்லாந்து கட்ட வேண்டும். கட்டியும் லண்டன் சபையில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, லண்டன் பாராளுமன்றமே உச்ச அதிகாரி. அது இன்று இயற்றிய சட்டத்தை நாளை திருத்தலாம், ரத்தும் செய்யலாம். பட் கேட்டது பட்டா. கிளாட்ஸ்டன் நீட்டியது குத்தகை. இதே லண்டன் 1867ல் கானடாவுக்கு வகுத்த சட்டத்தைப் பாருங்கள். மாகாணங்களின் பங்கை அது எழுதியே வைத்தது. ஒட்டாவா தன்னிச்சையாக க்யூபெக்கின் பங்கைப் பறிக்க முடியாது.

குறை தெரிந்தும் பார்னல் ஏற்றார். காலி வயிற்றுக்கு அரைச் சோறாவது கிடைக்கட்டும் என்ற கணக்கு. என் வரையில் அது பிழையான கணக்கல்ல. அதையும் சபை 343க்கு 313 என்று தோற்கடித்தது!

பிறகு வீழ்ச்சி. கொலைக்கு உடந்தை என்று பத்திரிகையில் வந்த கடிதங்கள் பிகாட் என்பவனின் கள்ளக் கையெழுத்து என்று 1889ல் நிரூபணமாயிற்று, பார்னல் வென்றார். மறு ஆண்டு ஒரு விவாகரத்து வழக்கு அவரைச் சாய்த்தது. கட்சி உடைந்தது. 1891 அக்டோபர் 6ல், 45 வயதில், மாண்டார்.

அவர் கேட்ட ஹோம் ரூல் கடைசியில் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? அதை மூர்க்கமாக எதிர்த்த வட அயர்லாந்துக்காரர்களுக்கு! 1921ல் பெல்பாஸ்டில் அவர்களுக்கென்று பாராளுமன்றம் திறந்தது. அரை நூற்றாண்டு ஆண்டார்கள். 1972 மார்ச்சில், கலவரம் முற்றிய வேளையில், லண்டன் ஒரு சட்டம் போட்டது. அந்தச் சபை நின்றது. அவர்களைச் சம்மதம் கேட்க வேண்டிய அவசியமே லண்டனுக்கு இருக்கவில்லை.