வானுக்கு ஏணி வைத்தவர்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

1969ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், மூன்று மனிதர்களைச் சுமந்துகொண்டு சந்திரனை நோக்கிப் புறப்பட்ட சாட்டர்ன் 5 இராக்கெட்டின் உயரம் 363 அடி. எட்டு நாள்களுக்குப் பின் அம்மூவரையும் ஏந்திக்கொண்டு பசிபிக் கடலில் வந்து இறங்கியதோ, ஏறத்தாழ 11 அடி உயரமே உள்ள ஒரு சிறு கூடு. மற்றப் பகுதிகள் எல்லாம் தத்தம் வேலை முடிந்ததும் வழியிலேயே கழற்றிவிடப்பட்டன. சுமையை உதறிக்கொண்டே உயரும் இந்த முறைக்குத்தான் அடுக்கு இராக்கெட் முறை என்று பெயர்.

இம்முறைக்கு 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசின் காப்புரிமையைப் பெற்றவர் இராபர்ட் ஹட்சிங்ஸ் கோடார்டு. ஆனால் அவர் கட்டிப் பறக்கவிட்ட திரவ எரிபொருள் இராக்கெட்டுகள் யாவும் ஓரடுக்கு இராக்கெட்டுகளே! ஈரடுக்கை எண்ணிப் பார்த்தவர் ஏன் ஓரடுக்கோடு வாழ்நாள் முழுவதும் போராடினார்? இக்கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் 1882ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கோடார்டு பிறந்தார். தாயாருக்குக் காசநோய். கோடார்டும் நோஞ்சான் பிள்ளை. நோயினால் பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. படுக்கையில் கிடந்த நாள்களில் புத்தகங்களே அவருக்குத் துணை. எச். ஜி. வெல்ஸ் எழுதிய விண்வெளிக் கதை அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

1899ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், காய்ந்த கிளைகளை வெட்டுவதற்காக வீட்டின் பின்புறம் இருந்த செர்ரி மரத்தில் ஏறினார் அந்தப் பதினேழு வயதுச் சிறுவர். அங்கிருந்து வயல்வெளியைப் பார்த்தபோது, செவ்வாய்க் கோளுக்குப் போகும் கருவி ஒன்றைச் செய்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் தோன்றியது. ஏறியபோது இருந்த சிறுவர் வேறு, இறங்கியபோது இருந்த சிறுவர் வேறு. அந்த நாளை அவர் பிறந்த நாள் போல் ஆண்டுதோறும் நினைவில் வைத்துக் கொண்டாடி வந்தார்.

நோயினால் காலம் தாழ்ந்து, தம் 21ஆம் வயதில்தான், 1904இல், அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். நம்மில் பலர் பட்டமே பெற்றுவிடும் வயது அது! பிறகு அவர் தளரவில்லை. 1908இல் வூஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் பட்டமும், 1911இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

காகிதத்தில் பிறந்த ஈரடுக்கு

1913இல் தாயாரைப் பற்றிய காசநோய் மகனையும் பற்றியது. பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். படுக்கையில் இருந்தபடியே கோடார்டு தம் எண்ணங்களை எழுத்தில் வடித்து, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் வேலையில் இறங்கினார். நோயிலிருந்து மீண்டார்; 1914ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரே வார இடைவெளியில் இரண்டு காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன. ஜூலை 7இல் கிடைத்தது அடுக்கு இராக்கெட்டுக்கு. ஜூலை 14இல் கிடைத்த மற்றொன்றில் திரவ எரிபொருளைப் பயன்படுத்தும் முறை விளக்கப்பட்டிருந்தது.

முதற் காப்புரிமையின் சாரம் இதுதான். பெரிய இராக்கெட்டின் தலைப்பகுதிக் குழாய்க்குள் சிறிய இராக்கெட் ஒன்று செருகப்பட்டிருக்கும். பெரியதன் மருந்து ஏறக்குறைய எரிந்து தீரும் தறுவாயில் சிறியது பற்றிக்கொண்டு தனியே பாயும். பெரியது விழுந்துவிடும்.

இதனால் என்ன இலாபம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இராக்கெட் பெறும் வேகம், அதிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகத்தையும், தொடக்க எடைக்கும் இறுதி எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையையும் பெருக்கினால் வருவது. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு இது. கோடார்டு தாமாகவே இம்முடிவை அடைந்தார்.

மொத்தம் 100 கிலோ எடையுள்ள இராக்கெட்டில் எரிபொருள் 80 கிலோ, கூடு 18 கிலோ, கருவிகள் 2 கிலோ என்றும், வாயுவின் வேகம் விநாடிக்கு 2 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். ஓரடுக்காகக் கட்டினால் எடை விகிதம் 100க்கு 20, அதாவது 5. கிடைக்கும் வேகம் விநாடிக்கு 3.2 கிலோமீட்டர். அதே எரிபொருளையும் கூட்டையும் இரண்டாகப் பிரிப்போம். கீழடுக்கில் எரிபொருள் 65, கூடு 15. மேலடுக்கில் எரிபொருள் 15, கூடு 3, கருவிகள் 2. கீழடுக்கு எரிந்து முடிந்தபோது வேகம் 2.1. காலிக் கூட்டை உதறியபின் 20 கிலோவாகத் தொடங்கும் மேலடுக்கு, 5 கிலோவாகக் குறையும்போது மேலும் 2.8 கிலோமீட்டர் வேகத்தைச் சேர்க்கிறது. ஆக மொத்தம் 4.9! ஒரு துளி எரிபொருள்கூட அதிகமாக ஊற்றாமல் வேகம் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. காற்றின் தடையையும் புவியீர்ப்பையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை என்றாலும் உண்மை விளங்கும்.

ஏளனம்

கோடார்டு கணக்கோடு நிற்கவில்லை. கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி செய்துகொண்டே சோதனைகளில் ஈடுபட்டார். அந்நாளைய வெடிமருந்து இராக்கெட்டுகள் தம் ஆற்றலில் சுமார் 2 விழுக்காட்டையே இயக்கமாக மாற்றுகின்றன என்று அளந்து கண்டார். நடுவில் ஒடுங்கிப் பின் விரியும் டி லாவல் குழலை எஃகு அறையோடு பொருத்தினார். அப்பயன் 60 விழுக்காட்டையும் தாண்டியது. காற்று நீக்கிய குழாய்க்குள் இராக்கெட்டை எரித்து, வெற்றிடத்திலும் அது உந்தும் என்பதையும் மெய்ப்பித்தார். 1917இல் சுமித்சோனியன் நிறுவனம் 5,000 டாலர் உதவித்தொகை அளித்தது.

தம் ஆய்வு முடிவுகளை 1919இல் நூலாக எழுதினார். அதன் இறுதியில், போதிய வேகம் பெற்ற இராக்கெட் சந்திரனை அடையவும் கூடும் என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தார். அந்த ஓரிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டன செய்தித்தாள்கள். 1920ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் இதழின் தலையங்கம், வெற்றிடத்தில் உதைத்து எழும்ப எதுவும் இல்லாதபோது இராக்கெட் எப்படி நகரும் என்று கேட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அறிவியல்கூட இவருக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட எள்ளி நகையாடியது. பிழை செய்தது தலையங்கம்தான். இராக்கெட் காற்றை உதைப்பதில்லை. தன்னிடமிருந்து வெளியேறும் வாயுவை உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை மறந்தது யார்?

அந்த ஏளனம் கோடார்டின் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. அதன்பின் அவர் தம் வேலையைப் பற்றி வெளியே பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

இரண்டரை விநாடி

வெடிமருந்தை விட்டுத் திரவ எரிபொருளுக்கு மாறினார். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கொண்டு இயங்கும் எஞ்சினைக் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1926ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், ஆபர்ன் என்னும் சிற்றூரில் உறவினர் ஒருவரின் பண்ணையில், பனி படிந்த நிலத்தின்மேல் அந்த இராக்கெட் நின்றது. எஞ்சின் மேலே, தொட்டிகள் கீழே. நீண்ட கழியில் கட்டிய சுடரால் உதவியாளர் பற்ற வைத்தார். சிறிது நேரம் அசையாமல் நின்று இரைந்த இராக்கெட், பின்னர் மெல்ல எழும்பியது. பறந்தது இரண்டரை விநாடி. எட்டிய உயரம் 41 அடி. விழுந்த இடம் 184 அடி தொலைவில், முட்டைக்கோசுத் தோட்டத்தில். உடனிருந்த மனைவி எஸ்தர் சலனப்படக் கருவியை இயக்கினார். ஆனால் ஒருமுறை சாவி கொடுத்தால் ஏழு விநாடிதான் அது ஓடும். இராக்கெட் எழும்புவதற்குள் கருவி நின்றுவிட்டது! உலகின் முதல் திரவ எரிபொருள் இராக்கெட் பறந்த காட்சி படத்தில் இல்லை.

41 அடி என்பது ஒரு தென்னை மரத்தின் உயரம்கூட இல்லை. ஆயினும் வானூர்தி வரலாற்றில் ரைட் சகோதரர்களின் முதற் பறத்தலுக்கு எந்த இடமோ, அந்த இடம் இதற்கும் உண்டு.

பாலைவனத்தில்

1929இல் நடத்திய சோதனையின் பேரிரைச்சல் கேட்டு அக்கம்பக்கத்தார் அஞ்ச, அம்மாநிலத்தில் சோதனை நடத்தத் தடை வந்தது. அவ்வேளையில் கைகொடுத்தவர் அட்லாண்டிக் கடலைத் தனியாய்ப் பறந்து கடந்த லிண்ட்பர்க். அவருடைய முயற்சியால் குகன்ஹைம் குடும்பத்தாரின் பொருளுதவி கிடைத்தது. 1930இல் கோடார்டு நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார்.

கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது. இன்று அமெரிக்க மாணவர்கள் காகிதக் குழாயும் மெல்லிய மரச் சிறகுகளும் கொண்டு ஈரடுக்கு மாதிரி இராக்கெட்டுகளைப் பறக்கவிடுகிறார்கள். கீழ் எஞ்சினின் மருந்து எரிந்து தீர்ந்ததும் அதன் தீப்பொறி நேரே மேல் எஞ்சினின் வாயில் பாய்ந்து அதனைப் பற்றவைக்கும். அந்த நொடியில் இராக்கெட் நிமிர்ந்து இருந்தால் மேலடுக்கு விண்ணை நோக்கிப் பாயும். சாய்ந்திருந்தாலோ, மேலடுக்கின் வேகம் முழுவதும் பக்கவாட்டில் வீணாகும், பார்ப்பவர்களுக்கும் ஆபத்து. ஆகவே, நேராகப் பறக்கத் தெரியாத இராக்கெட்டின் மேல் இன்னொன்றை அடுக்கிப் பயனில்லை.

கோடார்டின் தொடக்ககால இராக்கெட்டுகள் திசை தவறின. எனவே அவர் முதற்படியைச் சரிசெய்வதிலேயே முனைந்தார். சுழலும் கைராஸ்கோப்பைக் கொண்டு, எரிவாயுவின் பாதையில் தகடுகளைத் திருப்பி, இராக்கெட்டை நிமிர்த்தும் முறையைக் கண்டார். 1935ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் இம்முறையில் ஒரு இராக்கெட் 4,800 அடி உயரம் சென்றது. 1937 மார்ச்சில் மற்றொன்று 8,000 அடியைத் தாண்டியது. எரிபொருளை விரைந்து செலுத்தும் பம்புகள், எஞ்சின் உருகாமல் காக்கும் குளிர்விப்பு முறைகள் என்று ஒவ்வொரு சிக்கலையும் ஒரு சிறு குழுவோடு தாமே தீர்க்க முயன்றார்.

மூடிய கதவு

புகழ்மாலை மட்டும் சூட்டினால் வரலாறு முழுமை பெறாது. 1936இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் இராக்கெட் ஆய்வைத் தொடங்கியிருந்த இளைஞர் பிராங்க் மலினா, ராஸ்வெல்லுக்கு வந்து கோடார்டைக் கண்டார். கோடார்டு அன்போடு வரவேற்றார். ஆனால் தம் இராக்கெட்டின் நுட்பங்களை மட்டும் காட்டவில்லை. ஏளனத்தால் புண்பட்ட உள்ளம், உழைப்பின் பயனைப் பிறர் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அச்சம், இரண்டும் சேர்ந்து கதவை மூடின. அவர் கண்டறிந்த பலவற்றை மற்றவர்கள் மீண்டும் தாமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு பெரும் ஆய்வுக்கூடம் செய்யவேண்டிய வேலையை ஒரு தனிமனிதர் செய்ததால், காலம் அவருக்குப் போதவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக உழைத்த கோடார்டு, தொண்டைப் புற்றுநோயால் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பால்டிமோர் நகரில் காலமானார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1949ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், அதே நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் இருந்து ஓர் ஈரடுக்கு இராக்கெட் கிளம்பியது. கீழடுக்கு, ஜெர்மானியர் கட்டிய வி-2. மேலடுக்கு, அன்று கோடார்டிடம் வந்து திரும்பிய மலினாவின் குழுவினர் உருவாக்கிய வாக் கார்ப்பரல். அது எட்டிய உயரம் 393 கிலோமீட்டர்! 1914இல் காகிதத்தில் வரைந்த கனவு 35 ஆண்டுகளுக்குப் பின் நனவாயிற்று. இரண்டு அடுக்கில் ஒன்றுகூடக் கோடார்டு கட்டியதன்று. ஆயினும் அந்த எண்ணத்துக்கு 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் அவர்.

காலம் அளித்த தீர்ப்பு

கணவரின் குறிப்பேடுகளைக் காத்து வைத்திருந்த எஸ்தர் அம்மையார், அவர் மறைவுக்குப் பின்னும் அவர் பெயரில் 131 காப்புரிமைகளைப் பெற்றுத் தந்தார். மொத்தம் 214. 1959இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு மையம் ஒன்றுக்குக் கோடார்டின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய காப்புரிமைகளைப் பயன்படுத்தியதற்காக 1960இல் அமெரிக்க அரசு 10 இலட்சம் டாலர் வழங்கியது. அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17இல், நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தலையங்கம் தவறானது என்று ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. படிப்பதற்குத்தான் அவர் இல்லை.

நண்பர்களே! அடுக்கு இராக்கெட்டில் மிகப் பெரிய பளுவைத் தூக்குவது கீழடுக்குதான். உயரத்தை அது காண்பதில்லை, பாதியில் விழுந்துவிடுகிறது. ஆனால் மேலடுக்கின் வேகத்தில் அது கொடுத்த வேகமும் அடங்கியிருக்கிறது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்திருக்கும் நம்மில் பலருக்கு இவ்வுண்மையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளிலேயே அதைக் காண்கிறோம். கோடார்டும் அப்படி ஒரு கீழடுக்கு. அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு: செய்ததை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வைத்த அவருடைய ஒழுங்கைக் கைக்கொள்வோம், கேட்டு வந்தவரிடம் அதை அவர் மூடி வைத்த பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம்.