தொழுநோயாளருள் ஒருவரான தந்தை தமியான்

இறைவன் அருளும் மீட்பு, பெற்றவர் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும் செல்வமன்று. தூய வாழ்வுக்கும் தொண்டுக்கும் விடுக்கப்படும் அழைப்பே அது என்பது கிறித்துவ நெறி. இதனைச் சொல்லால் விளக்கியோர் பலர். வாழ்ந்து காட்டியோர் சிலர். அச்சிலருள் ஒருவர் தந்தை தமியான். நம் இளைஞர்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இவர் வரலாற்றை அறிதல் நலம் எனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

பெல்ஜியம் நாட்டுத் திரெமலோ என்னும் சிற்றூரில் 1840 சனவரி 3-ஆம் நாள் இவர் பிறந்தார். இயற்பெயர் யோசேப்பு. தந்தையார் இவரைத் தம் தானிய வணிகத்தில் ஈடுபடுத்த எண்ணினார். இவரோ தமையனாரைப் பின்பற்றித் துறவற சபையில் சேர்ந்தார். ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்த தமையனார் நோயுற்றமையால், அவருக்கு மாற்றாகத் தாமே புறப்பட்டு, 1864 மார்ச்சுத் திங்களில் ஹொனலுலு வந்தடைந்தார். அவ்வாண்டே குருப்பட்டமும் பெற்றார்.

அந்நாளில் தொழுநோய்க்கு மருந்தில்லை. 1865-இல் ஹவாய் அரசு ஒரு சட்டம் இயற்றி, நோயுற்றோரை மொலொக்காய்த் தீவின் ஒரு மூலைக்குக் கப்பலேற்றியது. மூன்று புறமும் கடல். ஒரு புறம் செங்குத்தான மலை. தாயைப் பிரிந்த பிள்ளைகளும், கணவனைப் பிரிந்த மனைவியரும் அங்கே சாகும்வரை கிடந்தனர். ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்படுதல் இன்னதென நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நம்மை ஒதுக்க நோய்கூடத் தேவைப்படவில்லை, பிறப்பே போதுமானதாயிற்று.

அவ்விடத்திற்கு நான்கு குருக்கள் முறைவைத்துச் செல்வதென ஏற்பாடாயிற்று. 1873 மே 10-ஆம் நாள் முதல்வராகச் சென்ற தமியான் அங்கேயே தங்கிவிட்டார். தொடக்கத்தில் அவருக்கு வீடில்லை. ஒரு தாழை மரத்தடியே படுக்கையாயிற்று. அவர் வெறும் உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். தச்சராகி வீடுகள் கட்டினார். குழாய் பதித்துக் குடிநீர் கொணர்ந்தார். பெற்றோரற்ற சிறார்க்கு இல்லம் அமைத்தார். இறந்தோர்க்குச் சவப்பெட்டி செய்து, குழியும் தம் கையாலேயே தோண்டினார். அம்மக்களோடு ஒரே கலத்தில் உண்டார். நோயுறுவதற்கு நெடுநாள் முன்னரே, மறையுரையில் தம்மையும் தொழுநோயாளருள் ஒருவராகச் சேர்த்தே பேசி வந்தார்.

அச்சொல் பின்னர் மெய்யாயிற்று. 1884-ஆம் ஆண்டின் இறுதியில், கொதிநீரில் கால் பட்டும் வலி தோன்றவில்லை. நோய் பற்றியதை உணர்ந்தார். ஆயினும் பணியை நிறுத்தவில்லை. இறுதி ஆண்டுகளில் யோசேப்பு டட்டன், அன்னை மரியான் கோப் முதலியோர் துணைக்கு வந்தனர். 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், தம் 49-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் குறையற்றவரல்லர், முன்கோபமும் பிடிவாதமும் உடையவர். இறந்தபின் அவர்மீது பழி சுமத்தியோரும் உண்டு. எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1890-இல் அப்பழியை மறுத்தெழுதினார். கத்தோலிக்கத் திருச்சபை 2009-இல் அவரைப் புனிதராக அறிவித்தது. இன்று தொழுநோய் மருந்தால் முற்றிலும் குணமாகின்றது.

இளைஞர்களே! நமது ஆசிரியப் பணியில் நாம் கண்ட ஒன்றை மறைக்காது கூறுகின்றோம். படித்து உத்தியோகம் பெற்று நகரில் குடியேறிய நம் பிள்ளைகளுள் சிலர், தாம் பிறந்த தெருவின் பெயரைச் சொல்லவும் கூசுகின்றனர். சொன்னால் வாடகைக்கு வீடு கிடையாதென்ற அச்சத்தை நாம் அறிவோம், அக்குற்றம் அவர்களுடையதன்று. எனினும், எங்கோ பிறந்த ஒருவர் ஒதுக்கப்பட்டோரிடை வந்து, தம்மையும் அவருள் ஒருவராக எண்ணினார். நம்மிடையே பிறந்தவர் நம்மை அயலாராக எண்ணலாமா? கல்வியும் ஒரு மீட்பே. அதனைப் பெற்றவர் ஆண்டுக்கொரு பிள்ளையின் படிப்புக்கேனும் பொறுப்பேற்பாராயின், நம் சங்கத்தின் வெள்ளிவிழா பொருளுடையதாகும்.