தீனபந்து ஆண்ட்ரூஸ்

தன்னை உள்ளவாறு அறிதற்குச் சுற்றத்தார் துணை மட்டும் ஒருவனுக்குப் போதாது. வேற்று நிலத்தார் நட்பும் வேண்டும். இதற்குத் தீனபந்து ஆண்ட்ரூஸ் அவர்களின் வரலாறு தக்க சான்றாகும். அதனை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆண்ட்ரூஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரிற் பிறந்தார். தந்தையார் சமய குரு. ஆங்கில ஆட்சி உலகிற்கு நன்மையே புரிவதென உறுதியாக நம்பியவர். மைந்தரும் அக்கருத்துடனேயே வளர்ந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கற்றுக் குருப்பட்டமும் பெற்று, 1904-ஆம் ஆண்டு தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கலாசாலைக்கு ஆசிரியராக வந்தார்.

அக்கலாசாலையில் ஸ்ரீ சுசீல் குமார் ருத்ரர் என்னும் வங்காளக் கிறிஸ்தவர் ஆசிரியராக இருந்தார். இருவர்க்கும் நட்பு முதிர்ந்தது. கற்பிக்க வந்த ஆண்ட்ரூஸ் தாமே மாணாக்கராயினார். நண்பரின் கண்கொண்டு நோக்கியபொழுது, தம்மினத்தார் இந்நாட்டாரை நடத்தும் செருக்கு அவர்க்குப் புலனாயிற்று. அவர் உள்ளம் நாணியது.

1906-ஆம் ஆண்டில் கலாசாலைத் தலைமைக்கு ஒருவரைத் தெரிய நேர்ந்தது. அதுகாறும் அவ்விடத்தில் ஆங்கிலேயரே அமர்ந்து வந்தனர். ஆண்ட்ரூஸ் அப்பதவியைத் தாம் ஏலாது, ருத்ரரே அதற்குத் தக்கார் என வாதாடினார். அங்ஙனமே ருத்ரர் முதல் இந்தியத் தலைவராகி 1923 வரை அப்பதவியை வகித்தார். ஆண்ட்ரூஸ் மகிழ்வுடன் அவரின்கீழ்ப் பணியாற்றினார். ஆளும் இனத்தார் ஒருவர் ஆளப்படும் இனத்தாரைத் தமக்குத் தலைவராக விரும்பி ஏற்றமை அந்நாளில் எளிய செயலோ?

நிற்க. இந்நட்பு திறந்த வாயில் பின்னும் விரிந்தது. 1912-இல் இலண்டனில் இரவீந்திரநாத தாகூரைக் கண்டு அன்பு பூண்டார். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்திற் காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து அவர் அடிகளைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர் பலர் சினந்தனர். அவர் அதனைப் பொருட்படுத்திலர். பிஜித் தீவிற்கு 1915-இலும் 1917-இலும் சென்று, தமிழ் மக்களும் உள்ளிட்ட ஒப்பந்தக் கூலிகளின் துயரை நேரிற் கண்டு உலகறியச் செய்தார். 1920-இல் அக்கொடிய முறை அத்தீவில் ஒழிந்தது. 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் உயிர் நீத்தார்.

ஆண்ட்ரூஸ் தம் நாட்டை வெறுத்தவரல்லர். கிறிஸ்துவினிடம் வைத்த பக்தியையும் விட்டவரல்லர். பிறப்பால் உயர்ந்தோம் என்னும் எண்ணம் ஒன்றையே களைந்தார்.

அன்பர்களே, நம்மவர் நலங் கருதிச் சங்கம் அமைத்துள்ளோம்; அது தக்கதே. ஆயினும், நம் வீட்டுத் திண்ணையில் நம்மோடு ஒப்ப அமரும் பிற வகுப்பு நண்பர் நமக்கு எத்துணைப் பேர் உளர்? நம்மினும் தக்கார் அவருள் ஒருவர் இருப்பின், அவர்க்கு முதலிடம் ஈந்து பின்னிற்க நம் மனம் இசையுமா? இவ்வினாக்களை நாம் ஒவ்வொருவரும் நம் மக்கள் கேட்க எழுப்பி விடை காண்போமாக.