சிற்றூர்ப் பிள்ளைகளின் கணிதப் பேராசான்

இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர் உருசிய நாட்டு ஆந்திரேய் கோல்மகோரவ் ஆவார். 1903ஆம் ஆண்டு தம்போவ் நகரில் பிறந்த அவர், பிறந்தபோதே அன்னையை இழந்தார். அன்னையின் உடன்பிறந்தாளே அவரை வளர்த்து ஆளாக்கினார்.

1920இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குப் பயிலுங்காலத்திலேயே பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தார். 1933இல் அவர் வெளியிட்ட சிறுநூல் நிகழ்தகவுக் கணிதத்திற்கு உறுதியான அடித்தளம் அமைத்தது.

உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் பள்ளிப் பிள்ளைகளை மறந்தாரில்லை. தலைநகர மாணவர்க்குச் சிறந்த பள்ளிகள் இருந்தன. தொலைவிலுள்ள சிற்றூர் மாணவர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. இக்குறையைப் போக்க, 1963இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து கணித-இயற்பியல் விடுதிப் பள்ளியொன்று தோன்ற அவர் முன்னின்றார். பல்கலைக்கழகத்தில் கற்பிப்போரே அங்கு வந்து உயர்கணிதமும் இயற்பியலும் கற்பித்தனர். அறுபது வயதான கோல்மகோரவும் வகுப்பெடுத்தார். இசையும் இலக்கியமும் பற்றி உரையாடினார். மாணவரோடு நெடுந்தொலைவு நடந்து சென்றார்.

விடுதிக்கு வர இயலாதார்க்கும் வழி பிறந்தது. இயற்பியல் அறிஞர் கிக்கோயினுடன் இணைந்து, 1970இல் மாணவர்க்கான ‘குவாந்த்’ திங்களிதழைத் தொடங்கினார். 1987இல் அவர் மறைந்தார். அப்பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அறிவு எல்லாக் குடியிலும் பிறக்கிறது. அதற்குக் கைகொடுப்போரே குறைவு. கல்லூரி கண்ட நம் இளைஞர்கள், பள்ளியில் பயிலும் தம்பி தங்கையர்க்கு வாரம் ஒருநாளேனும் நுண்கணிதத்தின் வாயிலைத் திறந்து காட்டுவார்களாக என வேண்டுகிறோம்.