நம்பியாரை துப்பறிய வைத்த வடுவூரார்!

நம்பியார்னாலே வில்லன் தான் ஞாபகம் வரும். அவரே வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு, அநியாய வக்கீலின் குட்டை உடைத்த படம் 'திகம்பர சாமியார்'. கதைக்கு சொந்தக்காரர் வடுவூர் துரைசாமி அய்யங்கார்.

மன்னார்குடி பக்கம் வடுவூரில் 1880-ல் பிறந்தவர். தாசில்தார் உத்தியோகத்தை உதறிவிட்டு கதை எழுத வந்தார். அந்த காலத்தில் யாருக்கு வரும் அந்த துணிச்சல்! ஆங்கில மர்மக் கதை பாணியை தஞ்சாவூர், கும்பகோணம் தெருக்களுக்கு கொண்டு வந்தார். ஜனங்கள் விரும்பி படித்தார்கள்.

அவருடைய 'மேனகா'வை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக போட்டனர். 1935-ல் அது சினிமாவும் ஆனது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் நடித்தார்.

வடுவூரார் 1942-ல் இறந்துவிட்டார். சேலம் மாடர்ன் தியேட்டர்சின் 'திகம்பர சாமியார்' வந்ததோ 1950-ல். நம்பியார் கலக்கிய அந்த சாமியாரை, படைத்தவர் திரையில் பார்க்கவே இல்லை.