செல்கள் வெடிக்காமல் காக்கும் ஏடிபி: கண்டறிந்த சுப்பாராவ் யார்?

திருப்பதி அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறுறீங்கன்னு வைங்க. வியர்வையில் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகும். ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடும். செல்லில் இருக்கும் நீர் வெளியே வந்து, செல் சுருங்கும். மேலே போய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் நேரெதிர்: செல் வீங்கும். ஆனாலும் வெடிப்பதில்லை. ஏன்? அந்த விடையில், அதே ஆந்திராவில் பிறந்த எல்லாப்ரகடா சுப்பாராவுக்கும் பங்கு உண்டு.

சென்னையில் கதர், பாஸ்டனில் இரவு வேலை

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். சகோதரர்கள் இருவரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை அங்கியையும் கதரில் அணிந்தார். பிரிட்டிஷ் பேராசிரியருக்கு அது பிடிக்கலை. எம்பிபிஎஸ்-க்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழே கிடைத்தது.

1920-களில் பாஸ்டன் போனார். செலவுக்கு, மருத்துவமனையில் இரவு நேர உதவியாளர் வேலை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, 1925-ல் பாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கினார். 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், அடுத்து ஏடிபியையும் இருவரும் கண்டறிந்தனர். 1929-ல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டறிந்தார்.

ஏடிபிக்கும் செல் வீங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் வெளியேற முடியாதவை. தண்ணீரை உள்ளே இழுத்துக்கிட்டே இருக்கும். கசிந்து வரும் சோடியமும் சேர்ந்தால் செல் ஊதிவிடும். இதைத் தடுப்பது செல் சவ்வில் உள்ள 'சோடியம் பம்ப்'. ஒரு ஏடிபியைச் செலவழித்து, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும்.

திடீர்னு வீங்கினால், சேர்த்து வைத்த பொட்டாசியத்தையும் குளோரைடையும் செல் வெளியே விடும். தண்ணீரும் கூடவே போகும். சுருங்கினால் உப்புகளை உள்ளே எடுக்கும். இரண்டுக்கும் அடிப்படை, பம்ப் உருவாக்கிய ஏற்றத்தாழ்வுதான்.

பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் தடைபட்டால் ஏடிபி தீரும், பம்ப் நிற்கும், நிமிடங்களில் செல்கள் வீங்கத் தொடங்கும்.

அங்கீகாரம் கிடைத்ததா?

ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களின் உயிரைப் பறித்த ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது.

1948-ல், 53 வயதில் காலமானார். இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-ல். சோடியம் பம்பை அடையாளம் கண்ட டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-ல் நோபல் கிடைத்தது. பம்பை ஓட்டும் ஏடிபியைக் கண்டறிந்த சுப்பாராவுக்கு அது கிடைக்கவே இல்லை.